துடைப்புப் பாடம்

வெங்காயத்தில் யாருடைய கட்டை விரலோ தெரிகிறது என்று சல்லடை படத்தைத் திருப்பி அனுப்பியது.

நவநீதன் படத்தைக் கண் வலிக்கும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தான். வெங்காயத் தோலின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று. விரல்தான். அவன் மனைவி மேகலாவின் விரல். விரலுக்கு உரியவர் இசைவு தரவில்லை என்பது சல்லடையின் குறை. தூரிகையை எடுத்து விரலைத் துடைத்தான். துடைத்த இடம் சேறு பூசியதுபோல் ஆயிற்று. பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் பளபளப்பை எடுத்து அங்கே ஒட்டி அனுப்பினான்.

படம் திரும்பி வந்தது. இம்முறை எறும்பு.

"எறும்புக்கும் இசைவு வேணுமா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டான்.

எறும்புக்கு வேண்டாம். ஆனால் அதைக் குறிச்சொற்களில் சேர்க்கவில்லை. படத்தில் இருப்பது சொல்லில் இருக்க வேண்டும். படம் ஒன்றுக்கு ஐம்பது சொல். ஒரு வெங்காயத்துக்கு ஐம்பது சொல்லுக்கு எங்கே போவது? எறும்பையும் துடைத்தான்.

படங்களை வாங்கி விற்கும் கிடங்குக்கு நிழற்கூடம் என்று பெயர். சல்லடை அதன் வாசலில் நிற்கும் பொறி. முன்பெல்லாம் பத்திரிகைக்காரர்களும் விளம்பரக்காரர்களும் அங்கே படம் வாங்கினார்கள். இப்போது அவர்களுக்கு வேண்டியதைப் பொறியே வரைந்து தந்துவிடுகிறது. வாங்குகிறவை காண்பொறிகள். ஓட்டுநர் இல்லாத பேருந்தின் நெற்றியில் இருக்கும் கண், கடைக் கூரையில் இருக்கும் கண், சிக்னல் கம்பத்தில் இருக்கும் கண் எல்லாம் படங்களைப் பார்த்துத்தான் உலகத்தைக் கற்றுக்கொள்கின்றன. பொறி வரைந்த படங்களைக் கொடுத்து அவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். கண்கள் கெட்டுப்போயின. கோயம்புத்தூரில் ஒரு பேருந்து, கைக்கு ஆறு விரல் உள்ளவர்களுக்குத்தான் நிற்கும் என்று ஒரு வாரம் ஓடியது.

அதனால்தான் லென்ஸ் வழியே எடுத்த படத்துக்கு மறுபடி மதிப்பு வந்தது. ஒரு நிபந்தனை. எடுத்தது எடுத்தபடி இருக்கும் பச்சைக் கோப்பையும், துடைத்துச் சுத்தமாக்கிய கோப்பையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். பச்சை இருந்தால்தான் படம் மெய் என்று நம்புவார்கள்.

துடைக்க வேண்டியது ஏராளம். எண்ணெய் டின்னில் பெயர் இருக்கக்கூடாது. வீட்டுக்கு எண் இருக்கக்கூடாது. வண்டிக்கும் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் மோசம். டம்ளரின் வயிற்றில் எப்போதும் ஒரு குட்டி நவநீதன் நிற்பான், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவோடு. அவனுக்கு அவனே இசைவு தந்துகொள்ளலாம். ஆனால் டம்ளர் வாங்க வருகிறவர்களுக்கு டம்ளருக்குள் ஆள் எதற்கு? டம்ளர், சொம்பு, தூக்குப்போசி என்று ஒவ்வொன்றிலிருந்தும் அவனைச் சுரண்டி எடுப்பான்.

அதோடு மேகலா.

சமையலறையில் வெளிச்சம் ஒரு ஜன்னலிலிருந்துதான் வரும். மறுபக்கம் இருட்டிவிடும். அங்கே ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி வந்து பொருள்மேல் விழும். எவ்வளவு கிட்டே பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதனால் அட்டை படத்துக்குள்ளேயே இருக்கும். அட்டையைப் பிடித்த மேகலாவும் இருப்பாள். பிறகு இரண்டையும் துடைத்துவிடுவான். வெளிச்சம் மட்டும் மிஞ்சும். சமையலறையில், மாடியில், சந்தையில், குளக்கரையில், தெருவில் எங்கே எடுத்தாலும் இதே முறைதான். மற்ற படக்காரர்கள் அட்டைக்குத் தாங்கி வாங்கி வைத்திருந்தார்கள். தாங்கியிடம் கொஞ்சம் சாய் என்றால் சாயாது. மேகலா சாய்வாள். சாய்ந்துகொண்டே திட்டவும் செய்வாள்.

"கை கடுக்குதுங்க."

"ஒண்ணே ஒண்ணு, அம்மிணி."

"போன ஞாயித்துக்கெழமைல இருந்து அந்த ஒண்ணே ஒண்ணத்தான் எடுத்துட்டு இருக்கீங்."

அட்டை பிடிப்பாளே தவிர இசைவு தரமாட்டாள். ஒரே ஒரு முறை தந்திருக்கிறாள், விளம்பரக்காரர்கள் இன்னும் படம் வாங்கிக்கொண்டிருந்த நாட்களில். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். முகம் சுளித்து, கண் கலங்கி, உதடு கோணியிருந்தது. நல்ல படம். நவநீதன் குறிச்சொல் போட உட்கார்ந்தான். வெங்காயம், பெண், கத்தி, கண்ணீர் என்று ஆரம்பித்து நாற்பதைத் தாண்டியதும் சொல் தீர்ந்துவிட்டது. சல்லடை ஐம்பதுக்குக் குறைந்தால் வாங்காது. வலி, வேதனை, நோய், நோயாளி, பொறுமை, சிகிச்சை என்று நிரப்பினான்.

அடுத்த மாதம் காந்திபுரத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு விளம்பரப் பலகையில் மேகலா நின்றாள். வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்துவிட்டிருந்தார்கள். 'மூலமா? கூச்சம் வேண்டாம்' என்று மேலே எழுதியிருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து பெரியம்மா கூப்பிட்டாள். "ஏங்கண்ணு, இப்பிடி ஊருக்கே தெரியற அளவுக்கு முத்தவுடலாமா? மொதல்லயே சொல்லியிருந்தா நம்ம வைத்தியர்கிட்ட ஒரு லேகியம் வாங்கியிருப்பனே."

மேகலா போனை வைத்துவிட்டு அவனிடம் வந்தாள். "இனி உங்க படத்துல என்ற நகங்கூட இருக்கக்கூடாது."

"இருக்காது" என்றான்.

அந்த வாக்கை அவன் காப்பாற்றினான்.

முதலில் கெட்டுப்போனது கடையில். மேகலா கூடையோடு பருப்பு அலமாரிக்கு முன் நின்றிருந்தாள். கூரையிலிருந்து ஒரு குரல், "மூன்றாம் வரிசையில் கேட்பாரற்ற கூடை ஒன்று உள்ளது" என்றது. பொறிக்கை ஒன்று தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு வந்து கூடையைப் பிடித்து இழுத்தது. அவளும் இழுத்தாள். கூடை போயிற்று. கடலை மாவுப் பொட்டலம் கீழே விழுந்து உடைந்தது. பில் போடும் இடத்தில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கண்ணுல தூசி அடைஞ்சிருக்கும்" என்றான் நவநீதன், திரையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

"யாரு கண்ணுல?"

அவன் தூரிகையை எடுத்தான். சாம்பார் வாளியின் விளிம்பில் ஒரு கடைப்பெயர் பாதி தெரிந்துகொண்டிருந்தது.

பிறகு பேருந்து. மேகலா சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் நூல் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். நிறுத்தத்தில் வேறு யாராவது இருந்தால் பேருந்து நின்றது. அவள் மட்டும் இருந்தால் நிற்காமல் போயிற்று. நின்ற நாளிலும் அவள் ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. ஒருநாள் முந்தானை கதவில் மாட்டிக் கிழிந்தது. மில் வாசலில் இன்னும் மனிதக் காவலாளி இருந்ததால் அங்கே மட்டும் அவளுக்கு வணக்கம் கிடைத்தது, தாமதத்துக்கான திட்டோடு.

நவநீதன் பேருந்துக்காரர்களுக்கு எழுதினான். தங்கள் பேருந்து எல்லாப் பயணிகளுக்கும் நிற்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினான். அதே பதில் மறுபடி வந்தது.

ஒரு சாயங்காலம் மேகலா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கால் செருப்பு மட்டும்தான் இருந்தது.

"திருச்சி ரோட்டுல நடக்கறவங்களுக்குப் பச்சை போட்டுது. எறங்குனேன். ஆளில்லா லாரி ஒண்ணு வந்துச்சு. எல்லா வண்டியும் மெதுவாகுமில்லீங்க, அந்த மாதிரி மெதுவாகல. கொஞ்சங்கூட. எளனிக்கடைக்காரரு கையப் புடிச்சு இழுத்தாரு."

அவள் அழவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். டம்ளரைக் கையில் வாங்கியவள் குடிக்காமல் வைத்திருந்தாள்.

மறுநாள் அவளோடு போனான். அவன் சாலையில் இறங்கினால் வண்டிகள் தயங்கின. அவன் பின்வாங்கி அவள் மட்டும் ஓர் அடி வைத்தால் அதே வேகத்தில் வந்தன. மூன்றாம் முறை சோதிக்க மேகலா ஒப்பவில்லை.

"எலி மாதிரி என்னய வெச்சு வெள்ளாடாதீங்."

நிழற்கூடத்தில் மனிதக் குரலைப் பிடிப்பது லேசில்லை. ஒரு முழு முற்பகல் அவன் எண்களை அழுத்திக்கொண்டிருந்தான். கடைசியில் ஷெரின் என்ற பெண் கிடைத்தாள். பொறுமையாகக் கேட்டாள். அவன் கணக்கைத் திறந்து பார்த்தாள்.

"பச்சைக் கோப்பு நீங்கதான சார் அனுப்பினீங்க?"

"மெய்யான்னு பாக்கணும்னு கேட்டீங்க. அனுப்பிச்சேன்."

"பாத்த பிறகு சும்மா வச்சிருக்க முடியுமா சார்? ஒப்பந்தத்துலயே இருக்கு. பச்சையும் துடைச்சதும் ஜோடியாத்தான் விக்குது. இப்ப ஜோடிக்குத்தான் கிராக்கி."

"ஜோடி எதுக்குங்க?"

"எதைப் பாக்கணும்னு கண்ணுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. எதைப் பாக்காம விடணும்னு யார் சொல்றது? ரோட்டுல பறக்கிற கவருக்கெல்லாம் பஸ் பிரேக் போட்டா ஓட்ட முடியாதே. மனுஷங்க படத்துல எதைத் துடைக்கிறாங்களோ அது தேவையில்லாததுன்னு கண்ணு கத்துக்கும். துடைப்புப் பாடம்னு பேரு."

நவநீதன் சமையலறைப் பக்கம் பார்த்தான். தெர்மாகோல் அட்டை சுவரில் சாய்ந்திருந்தது.

"எல்லாரும்தான தொடைக்கறாங்க."

"ஆளாளுக்கு வேற வேற ஆளைத் துடைக்கிறாங்க சார். நீங்க ஒரே ஆளை. எல்லா வெளிச்சத்துலயும், எல்லாப் பக்கத்துலேர்ந்தும்." கொஞ்சம் தயங்கினாள். "ரொம்ப சுத்தமா வேற. உங்க துடைப்பைத்தான் சார் புதுசா சேர்றவங்களுக்கு மாதிரியாக் காட்டுறோம்."

"வேற யாருக்கும் இப்படி ஆகலீங்களா?"

"கொச்சியில ஒருத்தரோட நாய். சேலத்துல ஒருத்தரோட ஸ்கூட்டர். அதை எங்க நிறுத்தினாலும் வண்டிங்க வந்து இடிக்குதாம்."

வழி எளிதென்று சொன்னாள். மேகலாவைத் துடைக்காத படங்களை அனுப்ப வேண்டும். அவற்றைப் பார்த்துக் கண்கள் திருந்திக்கொள்ளும். ஆள் தெரிகிற படம் என்பதால் அந்த ஆள் போனில் முகம் காட்டி இசைவு சொல்ல வேண்டும். தவிர, காண்பொறியின் அடுத்த பதிப்பும் சீக்கிரம் வருகிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும்.

இசைவு என்றதும் மேகலா மறுப்பாள் என்று நினைத்தான். அவள் போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மறுக்கா மூலத்துக்கே போட்டாலும் போடட்டும். லாரி நின்னாச் செரி."

"முகத்தைக் காட்டவும்" என்றது போன்.

காட்டினாள்.

"யாரும் இல்லை. முகத்தைக் காட்டவும்."

ஜன்னலோரம் போனாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். சிரித்தாள். பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்தாள். யாரும் இல்லை என்றது. நவநீதன் தெர்மாகோலை எடுத்துப் பிடித்தான்.

"கொஞ்சம் லெப்ட்ல திரும்பு."

"திரும்பித்தான இருக்கறேன்."

"இன்னும் கொஞ்சம்."

"உங்களுக்குத் தெரியறனா இல்லியா, அதச் சொல்லுங் மொதல்ல."

அதற்கு அவன் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். அட்டையின் சாய்வைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு கணம் பிந்திவிட்டது. மேகலாவின் முகம் சுளித்தது. உதடு கோணியது. கண்ணில் நீர் முட்டியது.

"வணக்கம்" என்றது போன். "இசைவு தருபவர் காணப்பட்டார்."

இருவரும் அசையவில்லை. கண்களுக்குத் தெரிந்த மேகலா ஒருத்திதான். துடைக்காமல் விற்ற ஒரே படத்தில் இருந்தவள்.

"இசைகிறேன்" என்றாள் அவள், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு.

"இசைவு தருபவர் வேதனையில் இருக்கிறார். வற்புறுத்திப் பெற்ற இசைவு செல்லாது."

மேகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரும் இல்லை" என்றது போன்.

ஷெரினை மறுபடி பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. வேதனையில் இருப்பவரிடம் இசைவு வாங்கக்கூடாது என்பது நல்ல விதி என்றாள். அதை யாரும் தளர்த்த மாட்டார்கள். புதுப் பதிப்பு வரட்டும் சார் என்றாள்.

அதுவரை மேகலா முகத்தைச் சுளித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நிறுத்தத்தில் பேருந்து வரும்போது உதட்டைக் கோணி, கண்ணை இடுக்குவாள். பேருந்து அவள் காலடியிலேயே வந்து நின்று படியைத் தாழ்த்தும். "நோயாளிகளுக்கான மெத்தை இருக்கை காலியாக உள்ளது. மெதுவாக அமரவும்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லும். மற்றவர்கள் விலகி வழிவிடுவார்கள். லாரிகள் நின்றன. கடையில் பொறிக்கை கூடையைப் பறிக்கவில்லை, நார்ச்சத்து மிகுந்த பண்டங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று சொன்னது.

"சௌகரியமாத்தான் இருக்குது" என்றாள் மேகலா, கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு. "தாடையெல்லாம் வலிக்குது. நெசமாவே."

ஒருநாள் மில் முடிந்து தோழிகளோடு சாலையைக் கடக்கும்போது யாரோ மேற்பார்வையாளரைப் போல் பேசிக் காட்டினார்கள். மேகலா சிரித்துவிட்டாள். பக்கவாட்டிலிருந்து வந்த ஆளில்லா ஆட்டோ அவளை உரசிக்கொண்டு போயிற்று. முழங்கைத் தோல் வழன்றுவிட்டது.

நவநீதன் மருந்து போட்டுவிட்டான். அவள் கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"சிரிச்சுட்டே ஒரு ரோட்டத் தாண்ட முடியல பாருங்க."

அன்றிலிருந்து அவன் காலையிலும் மாலையிலும் அவளோடு போனான். கண்களுக்கு அவன் தெரிந்தான். அவன் முன்னால் இறங்கிக் கையை நீட்டுவான், வண்டிகள் நிற்கும், அவள் பின்னால் தன் இயல்பான முகத்தோடு கடப்பாள். வழியில் பேசிக்கொண்டு போனார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததுபோல் அவனுக்குப் பட்டது.

அட்டைக்குத் தாங்கி வாங்கினான். மேகலாவை ஒரு படத்துக்குள்ளும் விடவில்லை. ஆனால் அவளோடு போய்வந்தது போக மிஞ்சிய நேரத்தில் சந்தைக்கும் குளக்கரைக்கும் போக முடியாது. வீட்டுக்குள் எடுக்கக்கூடியது பாத்திரம்தான். கிண்டி, குண்டா, அன்னக்கூடை என்று எவர்சில்வரை வரிசையாக எடுத்தான். ஒவ்வொன்றின் வயிற்றிலும் குட்டி மனிதன் நின்றான். ஒரு தட்டில் தலைகீழாக நின்றான். கரண்டிக் குழியில் தொப்பையோடு நின்றான். சல்லடை ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் துடைத்து அனுப்பினான். பச்சையும் துடைத்ததும், ஜோடி ஜோடியாக. அந்த மாதம் அவன் பாத்திரங்கள் நன்றாக விற்றன.

புதுப் பதிப்பு ஒரு திங்கட்கிழமை வந்தது. இனி காண்பொறிகள் படத்தின் மிகச் சிறு துணுக்கிலிருந்தும் பாடம் கற்கும் என்று செய்தியில் சொன்னார்கள்.

மேகலா நல்ல சேலை உடுத்திக்கொண்டாள். நவநீதன் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவளுக்காகப் பேருந்து நிற்பதைப் பச்சையாக ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நிறுத்தத்தில் இன்னொருவர் மட்டும் இருந்தார், மடித்த குடையோடு, நீளமான மனிதர். வேறு தடத்துப் பேருந்துக்காகக் காத்திருந்ததால் உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தார்.

பேருந்து தூரத்தில் தெரிந்தது.

"சிரி" என்றான் நவநீதன்.

மேகலா சிரித்தாள். பேருந்து வேகம் குறையவில்லை.

"சனியன்" என்று சொல்லிக்கொண்டே அவன் வழக்கம்போலச் சாலையில் இறங்கிக் கையை நீட்டினான். பேருந்து அவனை நோக்கி நேராக வந்தது. மேகலா அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவள் முகம் கோணியது.

பேருந்து அவள் காலடியில் நின்றது. படி தாழ்ந்தது. மெதுவாக அமரவும் என்றது.

"ஏறுங்க" என்று அவள் முதலில் ஏறினாள். அவன் படியில் கால் வைத்தான். கதவு அவன் மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது. காலை இழுத்துக்கொள்ள மட்டும் நேரமிருந்தது. கதவைத் தட்டினான். பேருந்து நகர்ந்தது.

மெத்தை இருக்கையிலிருந்து மேகலா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். தன் உதட்டைக் கோணிக் காட்டினாள். இப்படி, இப்படி என்று கையால் சைகை செய்தாள். நவநீதன் முகத்தைச் சுளித்தான். கண்ணை இடுக்கினான். உதட்டைக் கோணினான். பின்னால் வந்த இரண்டாம் பேருந்தும் அவனைத் தாண்டிப் போயிற்று.

வலியோடோ வலி இல்லாமலோ அவனை யாரும் படம் எடுத்ததில்லை. டம்ளர்களின் வயிற்றில் தான் துடைத்த குட்டி மனிதன் அவனுக்கு நினைவு வந்தான்.

நிறுத்தத்தின் கம்பத்தில் இருந்த கண் அவன் பக்கம் திரும்பியது.

"நிறுத்தத்தில் கேட்பாரற்ற பை ஒன்று உள்ளது" என்றது. "யாரும் தொட வேண்டாம். விலகி நிற்கவும்."

குடைக்காரர் எழுந்தார். நவநீதனின் முகத்தைப் பார்த்தார். அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"என்ற பைதானுங்க இது" என்றான் நவநீதன்.

"தெரியுதுங்க" என்றார் அவர், இன்னும் ஓர் அடி தள்ளி நின்று. "ஆனா அது சொல்லுதில்லீங்க?"